அறிக்கையில் மட்டும் இருந்த செம்மண்

அந்த மண் அறிக்கையின் பிரதி இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மூன்று பரிசோதனைக் குழிகள், மூன்று பக்கங்கள். மூன்றிலும் ஒரே வாசகம்: இறுகிய செம்மண் கிறவல். அதற்குக் கீழே 'மேற்படி'. அதற்கும் கீழே இன்னொரு 'மேற்படி'. வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் அதை எழுதியவனின் கையை முறிக்க வேண்டும் போலிருக்கும். பிறகு, பக்கத்தின் அடியில் உள்ள கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது என்பது கண்ணில் படும்.

நான் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி முகத்துவாரத்துக்குப் போய், அங்கே கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையைப் பார்ப்பது அந்த வருடம் எனக்குத் தந்த பொறுப்பு. எட்டடி அகலமான ஓர் ஒழுங்கை. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீடுகளுக்குள் டீவி இருந்தது, ஃப்ரிட்ஜ் இருந்தது, சில வீடுகளில் மாபிள் பதித்த தரைகூட இருந்தது. கழிப்பறை மட்டும் இல்லை. ஒழுங்கை முகப்பில் ஒரு பொதுக் கழிப்பறை, நான்கு கதவுகள், அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மழை பெய்தால் அது நிரம்பி ஒழுங்கைக்குள்ளேயே வழியும். குழாய் வந்தால் வீட்டுக்குள் ஒரு கழிப்பறை கட்டிக்கொள்ளலாம். அந்தச் சனங்கள் கேட்டது அவ்வளவுதான்.

ஒழுங்கைச் சங்கத்துக்கு ஒரு தலைவி இருந்தாள். என் வயதுக்காரி. வீட்டில் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். நான் முதல் தடவை போனபோது தன் மகளைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினாள்.

"பாருங்க மிஸ், பகல் ரெண்டு மணிக்குப் பொறவு இவ ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. இருட்டின பொறவு அங்க போகணுமேன்னு பயம். கிட்னியில கல்லு வரும்னு டொக்டர் ஏசுறாரு."

பதினைந்து வயதுப் பிள்ளை. அந்நியமான ஒருத்திக்கு முன்னால் தன்னைப் பற்றி இப்படிக் கதைக்கிறார்களே என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த ஒழுங்கைக்கு எப்படியாவது குழாய் வரவேண்டும் என்று அன்றைக்கு என்னுள்ளே ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பிறகு நான் செய்த மடத்தனங்கள் எல்லாம் அந்தப் பிடிவாதத்தின் பெயரில்தான் நடந்தன.

மண் பார்க்க ஆட்கள் வந்த நாளில் நானும் அங்கே நின்றேன். குழி எங்கெங்கே தோண்டுவது என்று வரைபடத்தில் குறித்திருந்தோம். முதற்குறி ஒரு வீட்டு வாசற்படிக்கு நேரே இருந்தது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். உடனே தலைவி முன்னுக்கு வந்தாள்.

"வாசல்ல ஏன் சேர் தோண்டுறீங்க? கோயிலுக்கு முன்னால வாங்க, நல்ல எடம் காட்டுறேன்."

அம்மன் கோயில் முன்றலில் ஒரு குழி. பாலர் பள்ளி முற்றத்தில் ஒரு குழி. ஓட்டோக்கள் நிற்கும் மூலையில் ஒரு குழி. ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்குக் கதிரை போட்டார்கள், சோடா உடைத்துத் தந்தார்கள், சுடச்சுடக் கடலை வடை வந்தது. வெட்டியவர்கள் நாலடி போனதும் மண் இறுக்கமாக இருக்கிறது, போதும் என்று நிறுத்தினார்கள். குழாய் பதிக்க வெட்டும் கிடங்கு ஏழடி ஆழம் போகவேண்டும், பரிசோதனைக் குழியும் அவ்வளவுக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய்க்குள் வடை இருந்தது. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த மூன்று இடங்களும் அவர்கள் தங்கள் கையாலேயே நிரப்பிய இடங்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கோயில் முன்றல் வருடா வருடம் தாழும். தேர் புதையாமல் இருக்க வருடா வருடம் செம்மண் கிறவல் கொட்டி, மிதித்து, இறுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விழுந்துவிடாதபடி பாலர் பள்ளி முற்றமும் அப்படியே. வீட்டுக்கு வந்தவர்களை முன் அறையில் இருத்துவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். குசினி எப்படிக் கிடந்தாலும் வந்தவர் கண்ணில் படவிட மாட்டோம். அந்த ஒழுங்கை, மண் பார்க்க வந்தவர்களையும் முன் அறையில் இருத்தி உபசரித்து அனுப்பிவிட்டது. நானும் அப்படியான ஒரு வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

ஒழுங்கைக்குள் இயந்திரம் நுழையாது. ஆட்களை விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் அந்த ஒழுங்கை ஆண்களையே வேலைக்கு எடுத்தார். அதில் தலைவியின் கணவரும் ஒருவர். முதல் அரையடி கிறவல். அதற்குக் கீழே மண்வெட்டி இறங்கியபோது துணி கிழிவதைப் போல ஒரு சத்தம் வந்தது. மேலே வந்தது மண்ணே அல்ல. சொப்பிங் பைகள், லஞ்ச் ஷீட்டுகள், இறப்பர்ச் செருப்புகள், சேலைன் போத்தல்கள், கறுத்துப்போன துணி. என்றைக்கோ தின்று எறிந்த பிஸ்கட்டின் உறையில் எழுத்துகள் புத்தம் புதிதாக இருந்தன. அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது. நாற்றம் கண்ணைக் கரித்தது. அரை மணித்தியாலத்தில் எனக்குத் தலையிடி வந்துவிட்டது. சிகரட் பற்றவைக்கப் போன ஒருவரின் கையைத் தட்டிவிட்டேன்; குப்பை அழுகிய இடத்தில் எரிவாயு இருக்கும்.

நல்ல மண்ணில் கிடங்கு வெட்டினால் சுவர் கொஞ்ச நேரமாவது தன்பாட்டில் நிற்கும். மண்ணை மண் பிடித்துக்கொள்ளும். பொலித்தீனைப் பொலித்தீன் பிடிக்காது, வழுக்கும். காலையில் நிமிர்ந்து நின்ற சுவர் மத்தியானம் வயிறு தள்ளி நின்றது. இப்படியான இடத்தில் இரண்டு பக்கமும் பலகை அடித்து, குறுக்கே முட்டுக் கொடுத்துத்தான் ஆளை இறக்க வேண்டும். குழாய்க்கு அடியிலும் குப்பையை அள்ளி எறிந்துவிட்டு மணல் போட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அங்கும் இங்கும் தாழ்ந்து, போகவேண்டியது போகாமல் உள்ளேயே நிற்கும். இவை எதுவும் திட்டத்தில் இல்லை. ஏனென்றால் அறிக்கையில் செம்மண்.

வேலையை நடத்திய பாஸ், காலிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். "றிப்போட்ல கிறவல்தானே மிஸ். பலகைக்கு எனக்கு ஓடர் இல்ல" என்றார்.

கந்தோருக்குப் போன் பண்ணினேன். என் மேலதிகாரியான பொறியியலாளர் குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். குப்பை என்று வேலைக் குறிப்பேட்டில் எழுதினால் திட்டம் திரும்பிப் போகும். திரும்பிப் போனால் இந்த ஒழுங்கைக்கு இந்த வருடமும் குழாய் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. ஆகவே 'கலப்பு நிரப்பு மண்' என்று எழுதுங்கள், அதுவும் பொய்யில்லைதானே என்றார். அந்த ஆள் வாழ்நாளில் ஒரு கிடங்குக்குள் எட்டிப் பார்த்திருப்பாரோ தெரியாது. குப்பைக்கு இப்படி அழகாகப் பெயர் வைக்கத்தான் இவர்களைப் படிப்பித்தார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தோடு நேரே தலைவியின் வீட்டுக்குப் போனேன்.

"கீழ என்ன கிடக்குதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "தெரியும்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா கொழாய் தந்திருப்பீங்களா?"

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"குப்பமேட்டுக்காரங்கன்னுதான் மிஸ் எங்களுக்கு முந்திப் பேரு. பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்கப் போனா அட்ரஸப் பாத்துச் சிரிப்பாங்க. அந்தப் பேர அழிக்க எங்களுக்கு எத்தன வருஷம் போச்சு தெரியுமா? இப்ப நீங்க குப்பன்னு எழுதினா, இங்க இருக்க ஏலாது, எழும்புங்கன்னு சொல்லுவாங்க. எங்க கொண்டு போய்ப் போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்கட மனுசன்தானே அந்தக் கிடங்குக்குள்ள நிக்கிறார்?"

"அவருக்குத் தெரியாததா? சின்னதுல அந்தக் குப்பைக்கு மேல வெளையாண்டவரு."

மகள் ஒரு மூலையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மணி மூன்றரை. அவள் உதடு காய்ந்திருந்தது.

வெளியே வந்து பாஸையும் ஆட்களையும் கூப்பிட்டேன். "பலகை அடிக்காமல் ஒருத்தரும் இடுப்பளவுக்குக் கீழ இறங்கப்படாது. நாளைக்குக் காலமை நானே பலகையோட வாறன்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். போகும்போது குறிப்பேட்டில் 'கலப்பு நிரப்பு மண்' என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஒழுங்கைக்குக் குழாயும் வரவேண்டும், மேலதிகாரியோடு சண்டையும் வரக்கூடாது, ஆட்களும் சாகக்கூடாது. மூன்றையும் ஒரு பொய்யால் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கொட்டாஞ்சேனையில் பலகை விற்கும் ஒரு மரக்காலைக்கு முன்னால் நின்றேன். ஏற்றும் ஆட்கள் இன்னும் வரவில்லை, பத்து மணிக்குப் பிறகுதான் பலகை அனுப்பலாம் என்றார்கள். கத்திக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. பாஸ்.

"மிஸ், ஆள் புதைஞ்சிட்டது."

ஓட்டோ பிடித்து ஓடினேன். தலைவியின் கணவர் நெஞ்சளவுக்குக் குப்பைக்குள் நின்றார். மத்தியானத்துக்கு முன் அந்தத் துண்டை முடித்துவிட வேண்டும் என்று பாஸ் அவசரப்படுத்த, அவர் அடிவரை இறங்கியிருக்கிறார். ஆள் மேல் பட்டுவிடும் என்று மண்வெட்டி போடவும் பயம். கையாலும் சட்டியாலும் தட்டத்தாலும் அள்ளினார்கள். கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தலைவி கிடங்கின் விளிம்பில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவர் நாடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவரை வெளியே எடுத்தபோது இடுப்பும் வலது காலும் முறிந்திருந்தன. அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வராது. பொதுக் கழிப்பறைக் கதவொன்றைக் கழற்றி, அதில் கிடத்தித்தான் ரோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு விசாரணை. நீண்ட மேசை, மூன்று அதிகாரிகள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். முதலில் தலைவியைக் கூப்பிட்டார்கள். கணவர் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். அவள் நன்றாக மடிப்பெடுத்த சேலையில் வந்து நின்றாள்.

"நல்ல மண்ணு சேர். செம்மண்ணு. கோயிலுக்கு முன்னால உங்க ஆளுங்களே தோண்டிப் பாத்தாங்கதானே" என்றாள்.

என் முறை வந்தபோது, அது முழுக்கக் குப்பை என்று சொன்னேன். நடுவிலிருந்தவர் குறிப்பேட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். இது உங்கள் கையெழுத்துத்தானே, கலப்பு நிரப்பு மண் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள் என்றார். நான் எழுதியது பொய் என்றேன். என் பொறியியலாளர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிலிருந்தவர் புன்னகைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது.

முடிவு கடிதமாக வந்தது. சிங்களக் கடிதம். அந்த வீட்டில் யாருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. நான்தான் போய் வாசித்துச் சொன்னேன். அவர் கட்டிலில் கிடந்தார், காலில் இரும்புக் கம்பி. மண்ணின் நிலை திருப்திகரமானது. இடுப்பளவுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்ற அறிவுறுத்தலை மீறி இறங்கிய தொழிலாளியின் கவனயீனமே விபத்துக்குக் காரணம். அந்த அறிவுறுத்தல் என்னுடையது. அவரைக் காப்பாற்றவென்று நான் சொன்ன ஒரேயொரு சொல்லை எடுத்து அவர் தலையிலேயே போட்டுவிட்டார்கள்.

"அப்ப நான்தான் பிழ" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணியது.

தலைவி வேறொன்றைத்தான் கேட்டாள். "வேல தொடங்குவாங்களா மிஸ்?"

"திங்கக்கிழமை."

"அப்ப சரி. தம்பி பேர் குடுத்திருக்கான். இவருக்குப் பதிலா அவன் எறங்குவான்."

எனக்குத் தலை வெடித்தது. "உங்களுக்கென்ன விசரா? மனுசன் இப்படிக் கிடக்கிறார், அடுத்தது தம்பியோ? பலகை அடிக்காமல் ஒருத்தரையும் இறங்க விடமாட்டன்!"

அவள் கடிதத்தை மடித்து என்னிடம் தந்தாள்.

"அன்னைக்கும் இதத்தான் மிஸ் சொன்னீங்க."

கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும் நான் யாரை ஏசுவது என்று தெரியாமல் இருந்தேன். அறிக்கை எழுதியவனை ஏசினேன், பொறியியலாளரை ஏசினேன், பாஸை ஏசினேன். எல்லோரையும் ஏசி முடித்த பிறகும் ஒருத்தி மிச்சம் இருந்தாள்.

திங்கட்கிழமை ஆறரைக்கே ஒழுங்கைக்குப் போய்விட்டேன். ஒரு பலகைகூட வந்திருக்கவில்லை. விழுந்த குப்பையை முந்தின நாளே அள்ளிக் கிடங்கை மறுபடி ஏழடிக்கு இறக்கியிருந்தார்கள். தலைவியின் தம்பி பூட்ஸ் போட்டுக்கொண்டு விளிம்பில் நின்றான். நான் கைப்பையை ஒரு வாசற்படியில் வைத்தேன். சல்வாரை முழங்கால் வரைக்கும் மடித்தேன். ஏணியில் காலை வைத்து இறங்கிவிட்டேன்.

"மிஸ்! பிஸ்ஸுத?" பாஸ் தன்னை மறந்து சிங்களத்தில் கத்தினார்.

"ஓம், விசர்தான். பலகை வரட்டும், ஏறுறன். நான் உள்ளுக்கு நிக்கேக்க ஒருத்தரும் வெட்ட ஏலாது."

கறுப்புத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. இரண்டு பக்கமும் தலைக்கு மேலே பொலித்தீன் நுனிகள் தொங்கின. எனக்குப் பயம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாஸ் பொறியியலாளரை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

என்ன நாடகம் இது என்று அவர் கேட்டார். அறிக்கையில் நல்ல மண், விசாரணையிலும் நல்ல மண், உடனே ஏறி வேலையை நடக்க விடுங்கள் என்றார்.

"நல்ல மண் எண்டால் விழாதுதானே சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். "நான் நிக்கிறன்."

சொல்லி வாய் மூடவில்லை, என் வலது தோளில் ஈரமாக ஏதோ சரிந்தது. பிறகு ஒரு பாளமாகக் குப்பை கழன்று முழங்காலளவுக்கு வந்து விழுந்தது. காலை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மேலே யாரோ ஓடிவரும் சத்தம். தலைவி. அவள் விளிம்பில் முழங்காலிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். நான் போனைப் பிடித்தபடி, கையை நீட்டாமல் நின்றேன்.

"ஏறுங்க மிஸ்! சொன்னாக் கேளுங்க, ஏறுங்க!"

"செம்மண்தானே. நீங்கள்தானே சொன்னீங்கள்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்மேல் இருந்த ஆத்திரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒழுங்கை முழுக்க வாசல்களில் சனம் வந்து நின்றது. அவளுடைய மகளும் நின்றாள்.

"குப்ப மிஸ்!" அவள் குரல் கிழிந்தது. "செம்மண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, எல்லாமே குப்ப! நாங்க குப்பைக்கு மேலதான் இருக்குறோம்! ஏறுங்க, சரிஞ்சிரும்!"

போனுக்குள்ளிருந்து பொறியியலாளர், யார் கத்துவது, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் போனை அவள் பக்கம் உயர்த்திப் பிடித்தேன். மொழிபெயர்த்துச் சொல்ல நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் குனிந்து, அதையே அவருக்கு விளங்கும் சிங்களத்தில் கத்தினாள்:

"ஒக்கோம குணு, சேர்! ஒக்கோம குணு!"